விளக்கும் விழிப்பும்

நகரத்து இரவின் வரலாற்றை எழுதப் புகும் ஐரோப்பிய ஆசிரியர் பலர், தெருவிளக்கிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். 1667-இல் பாரிஸ், 1669-இல் ஆம்ஸ்டர்டாம், 1688-இல் வியன்னா என ஆண்டுகளை வரிசைப்படுத்தி, அன்றுதான் இரவு மனிதனுக்கு வசப்பட்டது என்பர். இக்கணக்கு நமக்கு உடன்பாடன்று.

யமன் நாட்டுச் சூஃபிகள் 15-ஆம் நூற்றாண்டிலேயே இரவு திக்ரில் உறக்கத்தை விரட்டக் கஹ்வா அருந்தினர். அப்பானம் 1550-களில் இஸ்தான்பூலில் கடை விரித்தது. ரமலான் இரவுகளில் தராவீஹ் முடிந்தபின் கதைசொல்லிகளும் நிழற்கூத்தாடிகளும் அக்கடைகளில் மக்களைக் கூட்டி வைத்தனர். மினாராக்களுக்கிடையே விளக்குச் சரங்கள் ஒளிர்ந்தன. தெருவிலோ நிலைவிளக்கு கிடையாது. வெளியே செல்வோர் கையில் லாந்தர் ஏந்த வேண்டுமென்பதே விதி.

ஆயினும் இதை வைத்துப் பெருமை மட்டும் பேசும் நம்மவர் எழுத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. 1633-இல் தலைநகரைப் பெருந்தீ தின்றபின் காப்பிக் கடைகளை மூடச் செய்தவர் சுல்தான் நான்காம் முராத் அன்றோ? தீ ஒரு சாக்கு. கூடிப் பேசிய நாவுகளே அரசை அச்சுறுத்தின என்பது நம் துணிபு.

18-ஆம் நூற்றாண்டின் உஸ்மானிய நகர இரவுகளைப் பற்றி அவ்னர் விஷ்னிட்சர் 2021-இல் வெளியிட்ட நூல் இவ்விரு கோணல்களையும் நிமிர்த்துகிறது. ஒளி அரண்மனையின் ஆடம்பரமாகவும், இருள் எளியோரின் போர்வையாகவும் இருந்ததை அதிலே காண்கிறோம்.

காப்பிக் கடையில் பெண்களுக்கு இடமில்லை. ஸஹர் உணவுக்கு அடுப்பு மூட்டக் கண்விழித்த அவர்களின் இரவை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.