மோப்பத்துக்கு ஏற்ற சோறு

கோழி இறைச்சி, ஈரல், அரிசி, பூசணி ஆகியவற்றை மசாலா சேர்க்காமல் வேகவைத்து, குளிரூட்டிப் பொட்டலமாக வீட்டுக்கே அனுப்பும் 'புதுச் சமையல்' நாய் உணவு, ஷிப்டு நேரம் வாரந்தோறும் மாறும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டைக் குடும்பங்களுக்கு மிகவும் உகந்த ஏற்பாடாகும். மனித நாவில் ஏறக்குறைய 9,000 சுவை மொட்டுகள், அதாவது சுவையறியும் நுண்ணுறுப்புகள், இருக்க, நாய்க்கு 1,700 அளவிலேயே இருப்பதால், அது உணவை முதலில் மூக்கால்தான் மதிப்பிடுகிறது. உலர் உருண்டைகளை முகர்ந்துவிட்டு முகம் திருப்பிக்கொள்ளும் சிப்பிப்பாறை நாய்கூட, வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிய பொட்டலத்தைப் பிரித்ததும் ஈரல் வாசனைக்குக் காதை நிமிர்த்தி, கிண்ணம் தரையில் நகர நகர வழித்து நக்குவது காணக் கிடைக்காத அழகு. பழைய சோறும் தயிருமே போதும் என்ற நெடுநாள் வழக்கத்தில் அன்பு நிறைந்திருந்தாலும் இறைச்சிப் புரதம் குறைவு. வெறும் இறைச்சியும் சோறும் தந்தாலோ எலும்புக்குத் தேவையான கால்சியம் போதாது. இவ்விரண்டு குறைகளையும் அளந்து நிரப்புவதே இச்சமையலின் நுட்பம். வளர்ப்போர் புதிய உணவைப் பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்ற வேண்டும். நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் வெங்காயத்தையும் பூண்டையும் எந்நாளும் சேர்க்கலாகாது.