யூசீட் வினாத்தாள்: ஒரு வாசிப்பு

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். வினாத்தாளுக்கு யாரும் எழுதுவதில்லை. அதுவும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதின பிரதிதானே. யாரை உள்ளே விடணும், யாரை வாசலோடு அனுப்பணும் என்கிற கருத்து அதற்குள் இருக்கிறது. அந்தக் கருத்தைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கப் போகிறேன்.

காரணம் என் அக்கா மகள். பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு, தமிழ் மீடியம். டிசைன் படிக்கணும்னு ஆசை. யூசீட் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, "மாமா, நீங்க கம்ப்யூட்டர் ஆளாச்சே, பழைய தாள் எடுத்துச் சொல்லிக் குடுங்க" என்றாள். எனக்கு மாடு வரைந்தால் நாய் மாதிரி வரும். ஆனாலும் சரி என்றேன்.

தெரியாதவர்களுக்கு: ஐஐடி மும்பை நடத்துகிற தேர்வு இது. மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் போன்ற ஐஐடிகளில் பி.டெஸ். படிக்க இதுதான் வாசல். 2015இல் ஆரம்பித்தது. எந்தப் பிரிவு படித்தவரும் எழுதலாம். முதல் பகுதி இரண்டு மணி நேரம், கணினியில், 200 மதிப்பெண். இரண்டாம் பகுதி ஒரு மணி நேரம், தாளில் கையால் வரைவது, 100 மதிப்பெண்.

பழைய தாள் ஒன்றின் முதல் பகுதியை கடிகாரம் வைத்து இரண்டு பேரும் தனித்தனியாக எழுதினோம். விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் எனக்கு வந்ததில் பாதிகூட அவளுக்கு வரவில்லை. நான் ஒன்றும் மேதாவி இல்லை. பல்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும், திடவடிவத்துக்கு எத்தனை முகம், வரிசையில் அடுத்து வரும் உருவம் எது. இருபது வருஷமாக வேலைக்கான நேர்காணல்களில் நான் பதில் சொன்னதும், பிறகு நானே உட்கார்ந்து கேட்டதும் இதே ரகம்தான். அதாவது மாட்டை நாயாக வரைகிறவனை இந்தத் தாள் டிசைனுக்குத் தகுதியானவன் என்கிறது!

அவள் எங்கே விழுந்தாள் என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தேன். காகிதத்தை மடித்து ஓட்டை போட்டுப் பிரித்தால் எப்படி இருக்கும் என்கிற வகைக் கேள்விகளில் என்னைவிட வேகம். கேட்டால், "கோலத்துல பாதி போட்டா மீதி தெரிஞ்சுடும்ல மாமா" என்கிறாள். இது சும்மா பேச்சில்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலங்களை ஆராய்ந்துதான் கணினி அறிவியலில் வடிவங்களுக்கான இலக்கணம் பற்றி எழுதினார்கள். புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடுகிற மூளை இந்தத் தேர்வு தேடுகிற மூளைதான். அவள் விழுந்தது ஆங்கிலப் பத்தி வாசிப்பிலும், நாலு வரியில் சுற்றி வளைத்துக் கேட்ட தர்க்கக் கேள்விகளிலும், அறிவியல் பிரிவில் படித்திருந்தால் சட்டென்று பிடிபடுகிற கேள்விகளிலும். தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். "என்ன கேக்குதுன்னே புரியல" என்று அவள் விட்ட ஒன்றை நான் தமிழில் சொன்னதும் அரை நிமிஷத்தில் விடை சொன்னாள். அந்த அரை நிமிஷத்தை எந்தக் கணினியும் கணக்கில் எடுக்காது.

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். வரைகிற பகுதியை எல்லோருக்கும் திருத்துவதில்லை. முதல் பகுதியில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டியவர்களின் தாளை மட்டும்தான் திருத்துகிறார்கள். தாண்டாத பிள்ளை அன்று அந்த ஒரு மணி நேரம் வரைந்ததை ஒரு மனுஷரும் பார்க்கப் போவதில்லை.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை ஒன்று உண்டு. அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனம் 1961இல் உருவாக அதுதான் அடிப்படை. நம் டிசைன் கல்வியே அங்கிருந்து தொடங்குகிறது எனலாம். அதில் அவர்கள் உதாரணமாக எடுத்துக்கொண்டது நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் கொள்ளணும், தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், ஊற்றும்போது எப்படி விழும், உள்ளங்கையில் எப்படிப் பொருந்தும் என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒன்றுக்குக்கூட நாலு விடையில் சரியானதைத் தேர்ந்தெடு என்று வராது. செம்பைத் தூக்கிப் பழகின கைக்குத்தான் பதில் தெரியும்.

எதிர்த்தரப்பையும் சொல்லணும். டிசைன் வேறு, படம் வரைவது வேறு. அழகாக வரைகிறவர்கள் எல்லோரும் நல்ல நாற்காலி செய்துவிட மாட்டார்கள். ஆயிரக்கணக்கான தாள்களை மனிதர்களே திருத்துவதும் லேசான வேலை இல்லை. தவிர, வரைகிற பகுதிக்கு முன்பு 300க்கு 60தான், 2024இலிருந்து 100. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வடிகட்டி இருக்கிற இடம் மாறவில்லையே. வாசலைத் தாண்டாதவளுக்கு உள்ளே 60 என்ன, 100 என்ன?

எழும்பூரில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற அறுவை மருத்துவர். அங்கே இன்றும் சேர வருகிறவரை உட்காரவைத்து வரையச் சொல்கிறார்கள். கை முதலில். அதில் வேறு குறைகள் இருக்கலாம், அது தனிக் கட்டுரைக்கு. பயிற்சி மையம் ஒன்றிலும் விசாரித்தேன். சொன்ன தொகைக்கு நல்ல லேப்டாப் ஒன்று வாங்கலாம். அங்கேயும் முதல் மூன்று மாதம் பென்சிலைத் தொட வேண்டாமாம், கேள்விப் பயிற்சிதான்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டாம் பகுதி மாதிரி நானே ஒரு கேள்வி கொடுத்தேன்: மழையில் பேருந்து நிலையம், நீ தரையில் உட்கார்ந்து பார்க்கிறாய். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். தாள் முழுக்கக் கால்கள். சுருட்டிய வேட்டி, ஒற்றைச் செருப்பு, ஒரு கூடையின் அடிப்பாகம், அதைச் சுற்றித் தேங்கிய தண்ணீர். ஒரு முகம்கூட இல்லை. மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை. அக்கா அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஜனவரியில் தேர்வு எழுதினாள். முதல் பகுதியைத் தாண்டவில்லை. தொடர்ச்சியாக இரண்டு வருடம், இரண்டு முறை, அவ்வளவுதான் விதி. அவளுக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. இப்போது சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை போனில் நாங்கள் ஆங்கிலப் பத்தி வாசித்துக்கொண்டிருக்கிறோம்.