தொகை குறிப்பிடாத வறுமை

கடந்த சில மாதங்களில் பார்த்த, சிலவற்றை மறுபடியும் பார்த்த, படங்களைப் பற்றிய என் அபிப்ராயங்கள் இவை. பல பாஷைகள், பல காலங்கள். இவற்றைச் சேர்த்துப் பேச எனக்கு இருக்கும் ஒரே முகாந்திரம், எல்லாவற்றிலும் பணமில்லாதவர்கள் வருகிறார்கள் என்பதுதான். பாங்க் உத்தியோகம் எனக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. திரையில் ஒருவன் கஷ்டப்படும்போது, எவ்வளவு குறைகிறது என்று கேட்கத் தோன்றும். இது ரசனைக்கு ஒவ்வாத, குமாஸ்தாத்தனமான கேள்வி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் படங்களும், கேள்வியே காதில் விழாத படங்களும் தரத்தில் வேறாக இருப்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

முதலில், அநேகமாக எல்லோருக்கும் பிடித்த ஒரு படம். பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிகப்பு' (1980). டில்லியில் வேலையில்லாமல் திண்டாடும் படித்த இளைஞர்கள், தங்கள் பட்டினி ஒரு பெண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, சாப்பிடுவதுபோல் பாவனை செய்கிறார்கள். இந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமாக அமைக்கப்பட்ட காட்சி என்பது வாஸ்தவம். ஆனால் அதில் எனக்குக் கிடைத்தது பசியைப் பற்றிய ஒரு நாடகம். இளைஞர்கள் அந்தப் பெண்ணுக்காக நடிக்கிறார்கள். டைரக்டர் அவர்களை வைத்து நமக்காக நடிக்கிறார். சாக்கடையில் விழுந்த ஆப்பிளும் பாரதியின் வரிகளும் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. வறுமை இந்தப் படத்தில் பேச்சுத் திறமைக்குக் கிடைத்த சந்தர்ப்பம். கடைசியில் கதாநாயகன் சவரத் தொழிலை ஏற்பதைப் படம் பெரிய புரட்சிபோல் நம்மிடம் நீட்டுகிறது. அந்தத் தொழிலைத் தலைமுறையாகச் செய்து வருகிறவன் தியேட்டரில் உட்கார்ந்து இந்தப் பெருமிதத்தைப் பார்த்தால் என்ன நினைத்துக்கொள்வான்? அவனுக்கு அது தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலி. அந்தக் கூலி எவ்வளவு என்பதில் படத்துக்கு அக்கறையில்லை.

டி ஸிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். சைக்கிள் திருட்டுப் போவதையும், கடைசியில் அப்பன் மகன் கண்ணெதிரில் திருடிப் பிடிபடுவதையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடகுக் கடை. சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி எடுத்துவருகிறாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் ஒரு தொகை சொல்கிறான். இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள். கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிறான். பிறகு ஒரு சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூரை வரை உயர்ந்த அலமாரியில் ஏறுகிறான். அலமாரி முழுக்க விரிப்பு மூட்டைகள். ரோம் நகரமே துணியில்லாத மெத்தையில் படுக்கிறது என்பதைக் காமிரா ஒரு முறை மேலே நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிடுகிறது. நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கும் எவருக்கும் இது பரிச்சயமான காட்சி. பெட்டகத்தில் வரிசையாகப் பைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அதைக் கொண்டுவந்தவளுக்கு அது தாலிக்கொடி. உள்ளே போனதும் இருப்பில் ஓர் எண். டி ஸிகாவுக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே இருப்பவனை அவர் கொடுங்கோலனாக்கவில்லை. அவன் கொஞ்சம் ஏற்றித்தான் கொடுக்கிறான். அதனால் ஒன்றும் மாறுவதில்லை.

அதே படத்தில், சைக்கிள் போன பிறகு, அப்பனும் மகனும் ஓட்டலில் சாப்பிடுகிறார்கள். பக்கத்து மேஜையில் பணக்காரப் பையன். இந்த எதிர்நிலை கொஞ்சம் சுலபமானது, எந்த டைரக்டரும் செய்யக்கூடியது. ஆனால் அடுத்தாற்போல் அப்பன் மகனிடம் பென்சிலைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறான். சம்பளம் இவ்வளவு, ஓவர்டைம் இவ்வளவு, குடும்பப் படி இவ்வளவு. போய்விட்ட வேலையின் வருமானத்தைப் பையன் கூட்டுகிறான். கண்ணீர் விடாமல், யாரையும் சபிக்காமல், துக்கம் ஒரு கூட்டல் கணக்காக மேஜைமேல் கிடக்கிறது. இதற்கு ஈடான ஒரு காட்சியை நான் தமிழ்ப் படத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சத்யஜித் ராயின் 'மஹாநகர்' (1963) எனக்குத் தொழில் முறையில் நெருக்கமான படம். கணவன் பாங்க் குமாஸ்தா. மனைவி ஆரதி வீடு வீடாகப் போய்ப் பின்னல் மிஷின் விற்கும் வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளத்தில் புது நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாளே, அந்தக் காட்சியில் பெண் விடுதலை பற்றி நாம் பேசும் எல்லாம் அடக்கம். கணவன் அவளை வேலையை விடச் சொல்கிறான். அவள் ராஜிநாமாக் கடிதத்துடன் புறப்பட்ட அன்றே அவனுடைய பாங்க் மூழ்குகிறது. பணம் போட்டவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவன் டெலிபோனில் அவசரமாகக் கூப்பிட்டு, வேலையை விடாதே என்கிறான். ஆணின் கௌரவம் எந்தத் தொகையில் உட்கார்ந்திருந்தது என்பதை ராய் ஒரு டெலிபோன் அழைப்பில் காட்டிவிடுகிறார். வைப்புத் தொகைக்குக் காப்பீடு 1962இல்தான் வந்தது, பெரிய பாங்குகள் தேசியமயமானது 1969இல். அதற்கு முன் இத்தகைய காலை வேளைகள் நிஜமாகவே இருந்தன. ஓய்வு பெற்ற வாத்தியாரான மாமனார், நல்ல நிலைக்கு வந்துவிட்ட பழைய மாணவர்களிடம் குருதட்சிணை வசூலிப்பதுபோல் உதவி கேட்டுப் போவது இன்னும் கொடுமை. ஆனால் படத்தின் முடிவில் எனக்கு முழுத் திருப்தியில்லை. சக ஊழியைக்கு நேர்ந்த அநியாயத்துக்காக ஆரதி வேலையை உதறிவிட்டு வந்ததும், இவ்வளவு பெரிய நகரத்தில் இருவரில் ஒருவருக்காவது வேலை கிடைக்காதா என்ற தொனியில் படம் முடிகிறது. அதுவரை பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருந்த ராய், கடைசிப் பக்கத்தில் நம்பிக்கையை வரவு வைத்து நேர் செய்கிறார்.

பிரெஸ்ஸான் என்ற பெயரை நம்மில் பலர் மந்திரம்போல் உச்சரிக்கிறோம். அவருடைய கடைசிப் படம் 'லார்ஜான்' (1983), டால்ஸ்டாயின் கதையொன்றை ஆதாரமாகக் கொண்டது. பள்ளிக்கூடப் பையன்கள் ஒரு கள்ள 500 பிராங்க் நோட்டைப் புகைப்படக் கடையில் மாற்றுகிறார்கள். கடைக்காரர் தன்னிடம் சேர்ந்த கள்ள நோட்டுகளை, எண்ணெய் கொண்டுவந்த தொழிலாளியின் தலையில் கட்டுகிறார். அவன் பிடிபடுகிறான், வேலையிழக்கிறான், கடைசியில் கோடரி எடுக்கிறான். நோட்டு கை மாறுவதை, கதவு திறந்து மூடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற படம். யார் முகத்திலும் உணர்ச்சியைத் தேட விடமாட்டார். கள்ள நோட்டு வந்து சேர்ந்த கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்: கையில் கொண்டுவருகிறவன் அநேகமாக நிரபராதி, அவனுக்குத்தான் நஷ்டம். பிரெஸ்ஸான் இதை விதியாக்குகிறார். எனக்குப் படத்தின் மீது மிகுந்த மரியாதை உண்டு, பிரியம் இல்லை. மனிதர்கள் நோட்டைவிட மெல்லியவர்களாகத் தெரிகிறார்கள். அதுதான் அவர் சொல்ல வந்தது என்றால் சொல்லிவிட்டார்.

தமிழுக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இந்த விஷயத்தில் விதிவிலக்கு. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு பெண், சொந்த வீடு கட்டப் போய் என்ன ஆகிறாள் என்பது மட்டுமே கதை. நிலம், கடன், அனுமதி, காண்ட்ராக்டர், களவு போகும் சிமெண்ட் என்று ஒவ்வொன்றும் அதற்குரிய செலவோடு வருகிறது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போய், சுவர்களைத் தொட்டுப் பார்க்கும் காட்சி புகழ் பெற்றது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசையால்தான் அந்தக் காட்சி நிற்கிறது என்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்தச் சுவரின் செங்கல் எந்தக் கடனில் வந்தது என்று நமக்குத் தெரிந்துவிட்டதால்தான் கிழவரின் விரல் அதில் படும்போது நமக்கு என்னவோ செய்கிறது. அதுவரையிலான கணக்கு வழக்கெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கான அஸ்திவாரம். இசை இல்லாமலும் அது நின்றிருக்கும்.

சமீபத்திய படங்களில் இரண்டு. மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) ஆரம்பத்திலேயே ஒரு விலையை நிர்ணயித்துக்கொள்கிறது. ஒரு பிட்ஸா சுமார் 300 ரூபாய். சிறுவர்கள் தண்டவாளத்தோரம் பொறுக்கும் கரியை விற்று எத்தனை நாளில் அதைச் சேர்ப்பார்கள்? பாதிப் படம் வரை இந்தக் கணக்கு உயிரோடிருக்கிறது. வீட்டில் அரசாங்கம் கொடுத்த டெலிவிஷன் இருக்கிறது, அரிசி இல்லை. பிறகு படம் தன் கணக்கை விட்டுவிட்டு டெலிவிஷன்காரர்களையும் உள்ளூர் அரசியலையும் கிண்டல் செய்யப் போய்விடுகிறது. சிறுவர்கள் கடைசியில் பிட்ஸாவைத் தின்றுபார்த்துப் பாட்டி சுட்ட தோசையே மேல் என்பது, நம்மைப் போன்ற பார்வையாளர்களுக்குச் சௌகரியமான முடிவு. ஆசைப்பட்ட பொருள் மட்டமானது என்று தெரிந்துவிட்டால், அதைக் கிட்டாமல் செய்தவர்களைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குத் துண்டு நிலம் வேண்டும். அதற்காகச் சேர்க்கிறான், இழக்கிறான், மறுபடி சேர்க்கிறான். கடைசியில், தன்னுடையதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். படம் சில இடங்களில் மலையழகில் மயங்கி நின்றுவிடுகிறது என்பது என் குறை. ஆனால் அந்தக் கடைசிக் காட்சியில் அவனுக்காக ஒரு வசனமும் எழுதப்படவில்லை. அவன் வாழ்க்கையின் வரவு செலவு நமக்கு ஏற்கெனவே தெரியும்.

'பதேர் பாஞ்சாலி' (1955)யைச் சொல்லி என்னை மடக்கலாம். அதில் எண்கள் எங்கே? இருக்கின்றன. ஹரிஹரன் தனக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்கக் கூச்சப்படுகிறான். மிட்டாய்க்காரன் பின்னால் குழந்தைகள் காசில்லாமல் நடக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தின் உச்சமான கணக்கு ரூபாயில் இல்லை. துர்கா திருடவில்லை என்று சாதித்த மணிமாலை அவள் செத்த பிறகு அபுவின் கையில் கிடைக்கிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகிப் பிறகு மூடிக்கொள்கிறது. அக்காவின் கடனைத் தம்பி தீர்த்துவிட்டான். இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்த மேற்கு வங்க அரசு, அதைச் சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதியது என்பார்கள். சர்க்கார் ஏடுகளில் நேர்ந்த நல்ல காரியங்களில் ஒன்று.

நம் எழுத்தில் இந்தப் பிரக்ஞை எப்போதோ வந்துவிட்டது. புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையில் முருகதாசர் நண்பரிடம் கைமாற்று கேட்க வாயெடுக்கும் தயக்கத்தில் உள்ள நுட்பம் நம் சினிமாவுக்கு இன்னும் எட்டவில்லை. பரிதாபப்பட எண் வேண்டியதில்லை. 'ஐயோ, ஏழை' என்று சொல்ல யாருக்கும் எந்தத் தொகையும் தெரிய வேண்டாம். ஆனால் கடன்பட்டவனுக்குத் தன் அசலும் வட்டியும் தவணைத் தேதியும் தூக்கத்திலும் தெரியும். அவன் மனசுக்குள் ஓயாமல் ஓடும் பாஷை அதுதான். அந்தப் பாஷையைக் கற்காமல் அவனுக்காக அழுகிறவர், அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே அழுகிறார்.

தமிழில் ஏழைகளைப் பற்றி இனிமேல் படமெடுக்க இருப்பவர், கதாநாயகியின் கண்ணீரை எழுத உட்காருமுன் அவள் வீட்டு மாசக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். வாடகை எவ்வளவு, வட்டி யாருக்கு, மளிகைப் பாக்கி என்ன. அந்தத் தாள் படத்தில் வரவேண்டுமென்பதில்லை. எடுக்கிறவர் சட்டைப்பையில் இருந்தால் போதும்.