அறுபத்தேழரை டிகிரி

எலெக்ட்ரான் துப்பாக்கியின் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டினால், விஷயம் தெரிந்தவரின் கண் முதலில் எலெக்ட்ரான்களைக் கற்றையாக உமிழும் கேத்தோடின் ஓரத்துக்குத்தான் போகும். கற்றையின் விளிம்பிலிருந்து 67.5 டிகிரி சாய்ந்து ஒரு உலோகப் பரப்பு எழுகிறதா என்று பார்ப்பார். சாய்வு சரியாக இருந்தால் மேற்கொண்டு பார்க்க மனம் வரும்.

அந்தச் சாய்வைக் கண்டவர் பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ். 'டிரான்சிஸ்டர்' என்று பெயர் வைத்தவரும், ஜே. ஜே. கப்ளிங் என்ற புனைபெயரில் அறிவியல் கதை எழுதியவரும் அவரே. 1940இல் அவர் வெளியிட்ட தீர்வில் அந்தக் குறும்பு தெரிகிறது.

எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும். தேர்க் கூட்டத்தின் நடுவில் சிக்கியவருக்கு நெருக்கல் எல்லாப் பக்கமும் இருப்பதால் நேராகவே நகர்வார். ஓரத்தில் நிற்பவரைக் கூட்டம் வெளியே தள்ளிவிடும். கற்றையும் ஓரத்தில்தான் சிதறுகிறது. எல்லையில்லாத அகலமுள்ள கற்றைக்கு ஓரமே கிடையாது. அதற்குள் மின்னழுத்தம் தூரத்தின் 4/3 அடுக்காக உயரும் என்பது சைல்டு, லாங்மியூர் காலத்திலேயே தெரிந்த சங்கதி.

பியர்ஸ் கற்றைக்குள் கை வைக்கவில்லை. அதை ஓரத்தில் வெட்டிவிட்டு, வெளியே மின்புலத்தை எப்படி அமைத்தால் ஓரத்து எலெக்ட்ரான் பக்கத்து ஆள் இன்னும் அங்கேயே நிற்பதாக நம்பி நேரே போகும் என்று பார்த்தார். அந்த 4/3 அடுக்கைச் சிக்கலெண் தளத்துக்கு நீட்டினால், சுழி மின்னழுத்தக் கோடு 90 டிகிரியின் முக்கால் பங்கில் விழுகிறது. அவ்வளவுதான். எத்தனை வோல்ட் கொடுத்தாலும், துப்பாக்கி எந்த அளவில் இருந்தாலும் கோணம் மாறாது.

அகன்ற கேத்தோடிலிருந்து மெல்லிய கற்றையாகக் குவிக்க வேண்டுமானால் கணக்கு கோளத்துக்கு மாறுகிறது. ஒரே மையம் கொண்ட இரு கோளங்களுக்கிடையே மின்னோட்டம் எவ்வளவு என்பதை லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் 1924இலேயே அட்டவணையாக்கியிருந்தார்கள். அதிலிருந்து கூம்பாக ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். வெளி மின்வாய்களின் வளைவுக்குத்தான் எளிய சூத்திரம் அகப்படவில்லை. எனவே மின்சாரம் கடத்தும் தண்ணீர்த் தொட்டியில் மாதிரி வைத்து அளக்க இறங்கினார்கள். கற்றையின் ஓரம் இருக்கவேண்டிய இடத்தில் மின்கடத்தாத் தகடு. அதை ஒட்டிய மின்னழுத்தம் கணக்கோடு பொருந்தும்வரை உலோகத் தகடுகளை வளைத்து வளைத்துப் பார்த்தார்கள். பிற்பாடு அந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. வேகம் கூடியது, கைப்பக்குவம் போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனோடில் துளை போட்டாக வேண்டும், இல்லையேல் கற்றை வெளியேற வழியில்லை. அந்தத் துளையே விரிக்கும் வில்லையாகிவிடும். அதையும் தாண்டி வந்த கற்றையைக் காந்தப் புலம் பிடித்துக்கொள்கிறது. பிரில்லுவான் 1945இல் வகுத்த முறையில் கேத்தோடைப் புலத்திலிருந்து மறைத்துவைப்பார்கள். கற்றை புலத்துக்குள் நுழைந்ததும் தன் அச்சைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சியால் பிறக்கும் உள்நோக்கிய விசை, விலக்கலைச் சமன்செய்யும். விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதுதான் இதில் ருசியான இடம். வடக்கு தெற்காக மாறினாலும் கற்றைக்குக் கவலையில்லை. ஆகவே கனத்த கம்பிச்சுருளுக்குப் பதில், முனை மாற்றி மாற்றி அடுக்கிய சிறு காந்த வளையங்களே போதும். எடைக்குக் கணக்குப் பார்க்கும் செயற்கைக்கோள்களில், நுண்ணலையைப் பெருக்கும் பயண அலைக் குழாய்களுக்கு அது வரம்.

ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கியில் உள்ள 5045 கிளைஸ்ட்ரான் என்ற நுண்ணலைக் குழாயில், 350 கிலோவோல்ட்டில் 400 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. சில மைக்ரோநொடித் துடிப்புக்குள் 65 மெகாவாட் நுண்ணலை பிறக்கிறது. இத்தகைய கேத்தோடுகள் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் வேலை செய்பவை. சூட்டில் உலோகம் விரிந்து இடம் பெயரும் என்பதால், அறை வெப்பத்தில் வேண்டுமென்றே சற்றுத் தள்ளிப் பொருத்துகிறார்கள். சூடேறிய பின் சரியாக உட்கார்ந்ததா என்று மூடிய குழாய்க்குள் அளவுகோல் வைக்க முடியாது. மின்னோட்டத்தை வோல்ட்டின் 3/2 அடுக்கால் வகுத்து வரும் பெர்வியன்ஸ் எண்ணைப் பார்த்தே சொல்வார்கள். 5045க்கு அது 2 மைக்ரோபெர்வ்.