கௌரியம்மாவை எப்படி வாசிப்பது?

2021 மே 11 அன்று கே.ஆர். கௌரியம்மா 101 வயதில் மறைந்தார். அப்போது வந்த அஞ்சலிகளில் இரண்டு கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டதையொட்டி அவரும் கணவர் டி.வி. தாமஸும் பிரிந்த கதை ஒன்று. 1987இல் கைக்கெட்டிய முதல்வர் நாற்காலி கைநழுவிப் போன கதை மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுமே அவரை இழந்த பெண்ணாக மட்டும் நிறுத்துகின்றன. அவர் ஈட்டியது என்ன, அதை வைத்து என்ன செய்தார் என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன.

முதலில் வாக்குகளைப் பார்ப்போம். 1948இல் தோற்றவர், 1952லும் 1954லும் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1957இல் சேர்த்தலையில் வென்று, ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சரானார். பின்னர் அரூர் அவருடைய தொகுதியாயிற்று. 1977இல் அங்கே தோற்றாலும் 1980 முதல் 2001 வரை தொடர்ந்து ஆறு தேர்தல்களில் வென்றார். 1994இல் மார்க்சிஸ்ட் கட்சி அவரை வெளியேற்றியது. சொந்தக் கட்சி தொடங்கி, எதிர் அணியான காங்கிரஸ் கூட்டணியில் நின்றபோதும் 1996லும் 2001லும் அதே அரூர் அவரைத் தேர்ந்தெடுத்தது. அரசியலில் பெண்ணுக்குக் கிடைக்கும் வாக்கு அப்பாவுடையது, கணவருடையது, கட்சியுடையது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அரூர் மக்கள் சொன்ன பதில் இது.

அப்படியானால் 1987இல் நடந்தது என்ன? தென்னை நிறைந்த கேரளத்தைக் கௌரி ஆள்வார் என்ற முழக்கம் தெருவெங்கும் ஒலித்தது. இடது முன்னணி வென்றது. முதல்வரானவர் ஈ.கே. நாயனார். சட்டமன்ற உறுப்பினரை வாக்குச்சாவடி தேர்ந்தெடுக்கிறது. முதல்வரைக் கட்சிக் குழுவின் அறை தேர்ந்தெடுக்கிறது. முதல் இடத்தில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டாம் இடத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்?

கௌரியம்மா மறைந்து சரியாக ஒரு வாரத்தில் இந்தக் கேள்வி திரும்பி வந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்த கே.கே. ஷைலஜாவுக்குப் புதிய அமைச்சரவையில் இடமில்லை என்று அறிவிக்கப்பட்டது. அனைவரும் புதுமுகங்கள், இது பொதுவிதி என்றது கட்சி. அந்தப் பொதுவிதிக்கு விலக்குப் பெற்றவர் முதல்வர் ஒருவரே.

இதற்காகக் கௌரியம்மாவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. 1957இல் ஆட்சிக்கு வந்த சில நாள்களிலேயே குத்தகைதாரர்களை வெளியேற்றத் தடை வந்தது. நிலஉறவு மசோதாவை அவையில் கொண்டுவந்தவரும் அவரே. ஆனால் பின்னாளில் நிறைவேறிய நிலச்சீர்திருத்தத்தில் வயல் குத்தகைதாரருக்குப் போனது. அந்த வயலில் நாற்று நட்டுக் களை பறித்த தலித் பெண்களின் குடும்பங்களுக்குக் கிடைத்ததோ குடிசை நின்ற இடம், ஊராட்சிகளில் 10 சென்ட் வரை. பெண் ஒருவர் கொண்டுவந்த சட்டம் என்பதால் இந்தக் குறையை நாம் மறைத்துவிட முடியாது.

அதேபோல் 1996ஐயும் மறக்கக் கூடாது. பறிபோன ஆதிவாசி நிலங்களை மீட்டுத்தர 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் அவைக்கு வந்தது. ஆளும் அணியும் எதிரணியும் ஒன்றாகக் கைதூக்கின. எதிர்த்து நின்ற ஒரே உறுப்பினர் கௌரியம்மா. அப்போது அவருக்கு 77 வயது. பதவியில்லை, பெரிய கட்சியும் பின்னால் இல்லை. அரூர் கொடுத்த ஓர் இடம் மட்டும் இருந்தது. அந்த ஓர் இடம் எதற்குப் பயன்படும் என்பதை அன்று காட்டினார். அஞ்சலிகளின் முதல் வரியில் வந்திருக்க வேண்டியது இதுதான்.

2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. தேவையான சட்டம், தாமதமாக வந்த சட்டம். ஆனால் யார் வேட்பாளர், யார் அமைச்சர், யார் முதல்வர் என்று முடிவெடுக்கும் கட்சிக் குழுக்களை அது தொடவில்லை. கௌரியம்மாவுக்கு 1987இல் கதவடைத்த அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவருக்கு நேர்ந்ததை ஒரு தனிப்பெண்ணின் சோகமாக வாசிக்கும்வரை அந்த அறையில் இருப்பவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.