நொடிக் கணக்கு

ஹிகாரு நகமுரா இணையத்தில் சதுரங்கம் ஆடுவதைப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது, அவர் பலகையைப் பார்க்காமல் இருக்கும் நேரம்தான். எதிராளியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கேமராவில் இவர் கண்கள் திரையை விட்டு விலகி, அறையின் மேல்மூலையில் எங்கேயோ நிலைகுத்தியிருக்கும். வாய் மட்டும் கடகடவென்று ஓடும்: இதை எடுத்தால் அவர் அதை எடுப்பார், நான் இதை எடுப்பேன், குதிரை இங்கே வரும், ராஜா அங்கே ஓடும், சரி. திரையில் காய்கள் இப்போது நிற்கிற இடம் அவருக்கு இடைஞ்சல். நாலு நகர்த்தல் கழித்து நிற்கப்போகிற இடம்தான் வேண்டும். அதைப் பரப்பிப் பார்க்க வெறும் சுவர் வசதியாக இருக்கிறது. எதிராளி காயை வைத்ததும் கண் இறங்கும். பல நேரம் பதில் அதற்குள் போயிருக்கும்.

ஜப்பானில், ஒசாகா பக்கத்து ஹிராகாட்டாவில் 1987-ல் பிறந்தவர். இரண்டு வயதில் அமெரிக்கா வந்தார். சதுரங்கத்தில் வளர்த்துவிட்டவர் இலங்கையில் பிறந்த மாற்றுத் தந்தை சுனில் வீரமந்திரி. 2003-ல், 15 வயதில், பாபி ஃபிஷரின் பழைய அமெரிக்கச் சாதனையை முறியடித்து கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஐந்து முறை அமெரிக்க சாம்பியன். 2015 அக்டோபரில் அவரது ரேட்டிங் 2816. இவ்வளவும் நின்று நிதானித்து ஆடும் ஆட்டத்துக் கதை. நான் பேச வந்தது மூன்று நிமிடத்திலும் ஒரு நிமிடத்திலும் அவர் காட்டும் வித்தையைப் பற்றி.

அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. செஸ்.காம் தளம் நடத்தும் ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்பில் 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவரே வென்றார். 2022 இறுதியில் எதிரே உட்கார்ந்தவர் அன்றைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன்; முடிவு 14.5–13.5. 90 நிமிடம் ஐந்து நிமிட ஆட்டங்கள், அடுத்து 60 நிமிடம் மூன்று நிமிட ஆட்டங்கள், கடைசி 30 நிமிடம் ஒரு நிமிட ஆட்டங்கள். மூன்று மணி நேரம் இப்படி ஓடிவிட்டு ஒரே ஒரு புள்ளியில் கரையேறினார்.

வேகமான கை இருப்பவர்கள் நிறையப் பேர். பதினைந்து வயசுப் பையன்களிடம் நகமுராவைவிட வேகமான சுட்டெலி இருக்கலாம். நகமுராவின் தனித்தன்மை, நொடியை எங்கே செலவழிப்பது என்ற கணக்கில் இருக்கிறது. கெட்டிக்காரக் குடும்பத்தலைவி சம்பளத்தைப் பார்க்கிற மாதிரி அவர் மூன்று நிமிடத்தைப் பார்க்கிறார். தினசரிச் செலவில் பிடித்துப் பிடித்து வைத்து, கல்யாணச் செலவு வரும்போது யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிறார். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களில் அவர் கடிகாரம் அசைவதே இல்லை. நடு ஆட்டத்தில், பார்க்கிற நமக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியாத ஒரு இடத்தில், திடீரென்று நிற்பார். பத்து நொடி, பதினைந்து நொடி. மூன்று நிமிட ஆட்டத்தில் அது பெரிய தொகை. ஆட்டம் முடிந்து திரும்பிப் பார்த்தால்தான் தெரியும், திருப்பம் அங்கேதான் இருந்தது. எங்கே நிற்க வேண்டும் என்று மோப்பம் பிடிக்கிற அந்த மூக்கு எதிராளிகளுக்கு இல்லை. அவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சமமாக மூன்று நொடி, நாலு நொடி என்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியில் கையைப் பிசைகிறார்கள்.

இந்தக் கணக்கு முதல் நகர்த்தலிலேயே தொடங்கிவிடுகிறது. வெள்ளைக் காயோடு அவர் அடிக்கடி வைப்பது பி3, ராணிப் பக்கத்துச் சிப்பாய்க்கு ஒரே ஒரு கட்டம். அடுத்து மந்திரி பி2-வுக்குப் போய் நீண்ட மூலைவிட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரைக் கேட்டால் வெள்ளைக்கு இதில் பெரிய லாபம் இல்லை என்று சொல்லும். லாபம் பலகையில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. இ4-க்கும் டி4-க்கும் எதிராளி இருபது நகர்த்தல் மனப்பாடம் செய்து வைத்திருப்பார். அதையெல்லாம் மூட்டை கட்டி ஓரம் வைக்கச் சொல்கிறது பி3. மூன்றாவது நகர்த்தலிலேயே அவர் யோசிக்கத் தொடங்குகிறார். நகமுராவோ ஆயிரக்கணக்கான தடவை நடந்த தெருவில் நடக்கிறார்.

இணைய ஆட்டத்துக்கே உரிய இன்னொரு கருவி ப்ரீமூவ். எதிராளி நகர்த்துவதற்கு முன்பே நம் பதிலைப் பதிந்து வைப்பது. செஸ்.காமில் அப்படிப் பதிந்த நகர்த்தலுக்குப் போகிற நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும் ஆட்டமென்றால் கணக்கு இன்னும் சுவாரசியம்: பத்து ப்ரீமூவ் போட்டால் செலவு ஒரு நொடி, வரவு பத்து நொடி. ஐந்து நொடியோடு திணறிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் பதினான்கோடு நிமிர்ந்து உட்கார்கிறார். இதை எல்லோரும் செய்கிறார்கள். நகமுரா கூடுதலாகச் செய்வது, ப்ரீமூவ் போட இடம் கொடுக்கும் நிலைகளை முன்கூட்டியே கட்டி வைப்பது. அவர் மந்திரி எப்போதும் ஒரு சிப்பாயின் பாதுகாப்பில் நிற்கும். ராஜா, எதிராளியின் மந்திரி தொட முடியாத நிறத்துக் கட்டங்களிலேயே போய்வரும். ஆபத்தில்லாத அந்த இரண்டு கட்டங்களுக்குள் ராஜாவைக் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டலாம். பார்க்கிறவருக்கு அது வெறும் தள்ளாட்டம். அந்தத் தள்ளாட்டத்துக்கான அறையை அவர் பத்து நகர்த்தலுக்கு முன்பே கட்டி முடித்திருப்பார்.

தோற்கிற நிலையில் அவர் ஆடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு காய் குறைந்துவிட்டது, ராஜா திறந்தவெளியில் நிற்கிறது என்றால் நம்மில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் சொல்லும் சிறந்த நகர்த்தலைத் தேடிச் சாவோம். அவர் தேடுவது, எதிராளி உட்கார்ந்து யோசித்தே தீர வேண்டிய நகர்த்தலை. தரத்தில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கலாம். குதிரையைக் கொண்டுபோய், எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாத கட்டத்தில் வைப்பார். எடுத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒன்றும் ஆகாது என்று கண்டுபிடிக்க எதிராளிக்கு ஏழு நொடி ஆகும். இப்படி நாலு கேள்வி கேட்டால் ஜெயித்துக்கொண்டிருந்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கடிகாரத்தைப் பார்த்தவர் பலகையைப் பார்ப்பதில்லை.

இதன் உச்சத்தை 2008-லேயே அவர் ஆடிக் காட்டிவிட்டார். இன்டர்நெட் செஸ் கிளப்பில், அன்றைய பலசாலி கம்ப்யூட்டர் நிரலான ரிப்காவோடு மூன்று நிமிட ஆட்டம். கறுப்புக் காய்களை வைத்துக்கொண்டு முதலில் பலகையை அடைத்தார். சிப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்க, எங்கும் வழியில்லை. பிறகு யானைகளை மலிவான காய்களுக்கு வேண்டுமென்றே கொடுத்தார். ரிப்கா காய்களை எண்ணிப் பார்த்தது. தனக்கே மிச்சம் என்றது. இனி ஐம்பது நகர்த்தல் சிப்பாய் எதுவும் அசையாமலும் வெட்டு எதுவும் விழாமலும் போனால் விதிப்படி டிரா. ஜெயித்துக்கொண்டிருப்பதாக நம்புகிற இயந்திரம் டிராவை ஏற்குமா? வரம்பு நெருங்கியதும் அடைத்த சுவரிலிருந்து தானே ஒரு கல்லைப் பெயர்த்தது. அந்த ஓட்டை வழியாக நகமுரா உள்ளே போனார். ஆட்டம் 270 நகர்த்தலுக்கு மேல் நீண்டது. மூன்று நிமிடத்தை வகுத்துப் பார்த்தால் ஒரு நகர்த்தலுக்கு முக்கால் நொடிகூட வராது. கடைசியில் எட்டாவது வரிசையை எட்டிய சிப்பாய்களை ராணியாக்காமல் வரிசையாக மந்திரியாக்கினார். வீம்புதான். ஆனால் எதிராளியின் பலத்தை அல்ல, அது எதை நம்புகிறது என்பதைப் படித்து ஜெயித்த ஆட்டம் அது. கொஞ்சம் வீம்பை அனுமதிக்கலாம்.

வேடிக்கைக்கும் அவரிடம் பஞ்சமில்லை. 2021 மார்ச்சில், மேக்னஸ் கார்ல்சன் இன்விடேஷனலில், அடுத்த சுற்று இருவருக்கும் உறுதியான பிறகு கார்ல்சன் இரண்டாவது நகர்த்தலில் ராஜாவை இ2-வுக்குக் கொண்டுவந்தார். நகமுரா சிரித்துக்கொண்டே தன் ராஜாவை இ7-க்குக் கொண்டுவந்தார். இரண்டு ராஜாக்களும் முன்னும் பின்னும் உலா போய் டிரா. பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. எங்கே புள்ளி இல்லையோ அங்கே அவர் நொடிகூடச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான்.

தன்னைவிடக் கீழே இருப்பவர்களிடம் அவர் தவறவிடுவதும் இல்லை. 2023-ல் முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் ஒரு கணக்கை எடுத்துக்காட்டிப் புருவத்தை உயர்த்தினார்: தொடர்ந்து 46 பிளிட்ஸ் ஆட்டங்களில் 45.5 புள்ளி. ஆயிரக்கணக்கில் ஆடுகிறவருக்கு, அதுவும் ரேட்டிங் இடைவெளி அவ்வளவு இருக்கும்போது, இப்படி ஒரு தொடர் அமைவது புள்ளியியல்படி இயல்புதான் என்று செஸ்.காம் பதில் சொன்னது. ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கிறவருக்கு அந்தப் பதில்கூடத் தேவைப்படாது. நாற்பதாவது ஆட்டத்திலும் முதல் ஆட்டத்துப் பசியோடு உட்காருகிற ஆள் அவர்.

இனி குறை. அதைச் சொல்லாமல் விட்டால் பாராட்டும் அரைகுறையாகிவிடும்.

நொடியைச் சேமித்துப் பழகிய கைக்கு, நேரம் கொட்டிக்கிடக்கும் இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் போகிற தருணங்கள் உண்டு. 2022 மாட்ரிட், உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டியான கேண்டிடேட்ஸ். கடைசிச் சுற்றில் டிங் லிரெனோடு ஒரு டிரா எடுத்தால் இரண்டாம் இடம். கார்ல்சன் பட்டத்தை விட்டு விலகியதால் அந்த இரண்டாம் இடமே உலகப் பட்டப் போட்டிக்கான சீட்டாகியது. நகமுரா தோற்றார், டிங் போய் மறு ஆண்டு உலக சாம்பியன் ஆனார். 2024 டொரன்டோ, மறுபடி கேண்டிடேட்ஸ். கடைசிச் சுற்றில் வெள்ளைக் காய், எதிரே நம் சென்னை குகேஷ், ஜெயித்தே ஆக வேண்டும். டிரா. ஒரு முறை டிரா போதும் என்றபோது தோல்வி, ஒரு முறை வெற்றி வேண்டும் என்றபோது டிரா. டொரன்டோவில் 17 வயது குகேஷின் கடிகாரத்தில் போதிய நேரம் இருந்தது. மிரட்ட எதுவும் இல்லை. நகமுராவின் கேள்விகளுக்கு அவர் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நொடி தீர்ந்துபோகும் என்ற பயம் எதிராளிக்கு இல்லாத இடத்தில் இவர் ஆயுதங்களில் பாதி மழுங்கிவிடுகிறது.

கார்ல்சனுக்கு எதிரே இது முன்பே தெரிந்ததுதான். 2014 சூரிச்சில் கார்ல்சனை மூலையில் தள்ளி நிறுத்திவிட்டு, அடிக்க வேண்டிய அடியைத் தவறவிட்டு, கடைசியில் தானே தோற்றார். நிதான ஆட்டத்தில் கார்ல்சனை அவர் முதன்முதலில் வென்றது 2016-ல், பில்பாவோவில். நேருக்கு நேர் ஆடும் உலக பிளிட்ஸ் பட்டமும் நழுவிய கதைதான்: 2019 மாஸ்கோவில் டைபிரேக் வரை போய் அதே கார்ல்சனிடம் விட்டார்.

இணையத்திலும் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. இளைய தலைமுறை ஆட்டக்காரர் அலிரேசா ஃபிரூஜாவுக்கு நகமுராவின் வேகம் புதிதல்ல. அவர் பிறந்து வளர்ந்ததே அந்த வேகத்தில். 2024-ல் பாரிஸில் நடந்த ஸ்பீட் செஸ் அரையிறுதியில் நகமுரா அவரிடம் தோற்றார். எதிராளியும் அதே போல ப்ரீமூவ் போட்டு அதே போல நொடி சேர்த்தால், பி3 என்ற முதல் நகர்த்தல் வெறும் பி3-ஆகவே நிற்கிறது. கடிகாரத்திலிருந்து வந்துகொண்டிருந்த லாபம் நின்றுவிட, பலகையில் விட்டுக்கொடுத்தது மட்டும் நஷ்டமாக மிஞ்சுகிறது. சமநிலையை நம்பிக் காய்களை வெட்டிக் குறைத்து, பாதுகாப்பான இறுதிக்கட்டத்துக்குப் போய், அங்கே எதிராளியின் நேரம் தீரக் காத்திருக்கும் பழக்கத்தை அவர் கொஞ்சம் தளர்த்தலாம்.

அவரால் முடியாதது அல்ல அது. 2007-ல் பார்சிலோனாவில் மிகால் கிராசென்கோவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு ஆடிய ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். 21-ஆவது நகர்த்தலில் ராணியை எஃப்2-வில் விட்டெறிகிறார். வெள்ளை ராஜா அதைத் தின்றுவிட்டு, செக் மேல் செக் வாங்கி, எஃப்3, ஜி4, ஜி5, எச்5 என்று எதிரி வீட்டுக்குள் இழுத்து வரப்படுகிறது. அங்கே, 26-ஆவது நகர்த்தலில், செக் வைக்காமல் ஒரு சிப்பாயை எஃப்6-க்கு ஒரு கட்டம் மட்டும் தள்ளுகிறார். ராணியில்லாதவர், அவசரமே இல்லாமல் சிப்பாய் நகர்த்துகிறார். ராஜாவுக்கு ஜி5-க்குத் திரும்பிப் போக வழி அடைபட்டுவிட்டது. 28-ஆவது நகர்த்தலில் மந்திரி சி8-க்கு வந்து நிற்க, கிராசென்கோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ராணியைக் கொடுக்கும்போதே அந்தச் சிப்பாய்த் தள்ளலைப் பார்த்திருக்க வேண்டும். ஃபிரூஜா தலைமுறையை வேகத்தால் மிரட்ட முடியாது; இப்படிப்பட்ட அமைதியான நகர்த்தல் அவர்களையும் நிறுத்தும்.

அந்தக் கணக்குத் திறமை தேய்ந்துவிடவில்லை என்பதற்கு 2022 ரெய்க்யாவிக் இருக்கிறது. பின்வரிசைக் காய்களைக் கலைத்துப்போட்டு ஆடும் ஃபிஷர் ரேண்டம் உலகப் போட்டி; மனப்பாடமும் செல்லாது, பழகிய தெருவும் கிடையாது. இறுதியில் இயான் நெபோம்னியாச்சியை முடிவு காணும் ஆர்மகெடான் ஆட்டம் வரை இழுத்துப் பட்டத்தை எடுத்தார் நகமுரா. அங்கே பி3 வைத்து எதிராளியை ஏமாற்ற வழியில்லை, முதல் நகர்த்தலிலிருந்தே யோசித்தாக வேண்டும். யோசித்தார், ஜெயித்தார். செஸ்.காமில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் வேக ஆட்டங்களிலும் வாரத்துக்கு ஓர் ஆட்டமாவது அப்படி ஆடினால் என்ன என்பதுதான் என் ஆதங்கம். ஒன்றிரண்டு புள்ளி போனால் போகட்டும்.