பின்சீட்டுக்கு நடுவே ஒரு போல்ட்

பழைய போர்ஷே 911-ல் எஞ்சின் காரின் வாலில் இருக்கிறது. கியர்பாக்ஸும் அதை ஒட்டித்தான். கியர் லீவரோ முன்னால், ஓட்டுபவர் கைக்குப் பக்கத்தில். இரண்டையும் சேர்ப்பது காரின் நடுச்சுரங்கத்துக்குள் ஓடும் நீளக் கம்பி. அதன் கடைசியில், பின்சீட்டுகளுக்கு நடுவே, சின்னத் தகடு ஒன்றின் அடியில், அதைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளர் ஒளிந்திருக்கிறது.

1972 முதல் 1986 வரை வந்த 915 கியர்பாக்ஸுக்கு அவ்வளவாக நல்ல பெயர் கிடையாது. அவசரப்பட்டால் கறகறக்கும், இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். என்னைக் கேட்டால், பல கார்களில் பாதிக் குற்றம் அந்தக் கப்ளருக்குள் தேய்ந்துபோன பிளாஸ்டிக் புஷ்களுடையது. அவை போய்விட்டால் லீவர் சாம்பாரில் விட்ட கரண்டி மாதிரி சுழலும்.

புஷ்ஷை மாற்றிய பிறகுதான் ரசமான வேலை. கப்ளரின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் கம்பி முன்னும் பின்னும் நகரும். தன் அச்சிலேயே திரும்பவும் செய்யும். கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்க, லீவரை உரிய நிலையில் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். துளி பிசகினாலும் ஏதாவது ஒரு கியர் கோபித்துக்கொள்ளும். அதைச் சமாதானப்படுத்தினால் ரிவர்ஸ் விழாது. இறுக்கும்போதே கம்பி லேசாகத் திரும்பிவிடுவது தனி எரிச்சல். லீவரைப் பிடிக்க இன்னோர் ஆள் இருந்தால் புண்ணியம்.

சரியாக அமைந்துவிட்டால், நியூட்ரலில் ஒரு கணம் தயங்கி இரண்டாவதுக்கு இழுக்கும்போது லீவர் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். 1987-ல் வந்த ஜி50 கியர்பாக்ஸ் இந்தப் பொறுமையை எல்லாம் கேட்பதில்லை. இருந்தும் என் ஓட்டு 915-க்குத்தான்.